நரிக்கு நோய் கொடுத்தது யார்?

ஒரு நாள் விடியக்காலம் எங்கள் தோட்டத்து நாய் கருப்பன் கழுத்தில் கடிகாயத்தோடு இட்டேரி வழியாக வந்து நின்றான். எங்க அப்பாரு பார்த்துட்டு, "நரிதான் கடிச்சிருக்குது, காட்டு நோயக் கொண்டாந்துருச்சு" என்றார். கால்நடை டாக்டர், "நோயே இருந்தாலும் அந்த நரிக்கு யாருங்க கொடுத்தது?" என்று திருப்பிக் கேட்டார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெறிநாய்க்கடி நோய் ரேபிஸ் என்ற வைரஸால் வருவது. அது துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும். கடித்த இடத்தில் இருந்து நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். அதனால்தான் ஒரு மாதம், சில சமயம் மூணு மாதம்கூட ஒன்றும் தெரியாது. மூளையில் பெருகிய பிறகு எச்சில் சுரப்பிக்கு வரும். பிராணிக்கு வெறி பிடித்து எதிரே வருவதையெல்லாம் கடிக்கும். அடுத்த உடம்புக்குப் போக வைரஸுக்கு அந்தக் கடிதான் பஸ்! அறிகுறி வந்துவிட்டால் மனுசனோ மிருகமோ பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

பாலூட்டி எதற்கும் இது வரலாம். ஆனால் நம் நாட்டில் இந்த நெருப்பை அணையாமல் வைத்திருப்பது நாய்தான். செந்நாய்க் கூட்டம் சின்னது. நோய் வந்தால் கூட்டமே செத்து, அதோடு நோயும் நின்றுபோகலாம். நாய்களோ ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சங்கிலி அறுவதே இல்லை.

எங்கள் ஊர் ஆனைமலை அடிவாரம். மேலே டாப்சிலிப், புலிகள் காப்பகம். செந்நாய், நரி, சிறுத்தை எல்லாம் உண்டு. ஊருக்கு வெளியே பள்ளத்தில் யாரோ கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள். பகலில் அங்கே நாய், ராத்திரி நரி. ஒரே எலும்புக்கு இரண்டும் சண்டை. ஆடு மேய்க்கப் போகிறவர்கள் பின்னாலும் நாய் காட்டுக்குள் போகிறது. (எங்கள் கருப்பனும் போவான், மறைக்க மாட்டேன்.)

எத்தியோப்பியா நாட்டில் பேல் என்ற மலை இருக்கிறது. அங்கே வாழும் ஓநாய் இனம் உலகத்திலேயே 500-க்கும் குறைவுதான். 2003-ல் மாடு மேய்ப்பவர்களின் நாய்களிடம் இருந்து ரேபிஸ் தொற்றி, ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் நாலில் மூணு பங்கு ஓநாய்கள் செத்துப்போயின. பிறகு ஓநாய்களையே பிடித்து ஊசி போட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் நோயைப் பரப்பியது நரி. 1978-ல் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்து வைத்துக் காட்டில் போட்டார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பலித்ததே! நமக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டாம். இங்கே வேர் தெருவில் இருக்கிறது. 100 நாய்களில் 70-க்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெருநாய்க்குப் போடும் ஊசி செந்நாய்க்கும் போட்ட மாதிரி.

பக்கத்திலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அதன் பிறகு 1907-ல் அதைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் வயிற்றைச் சுற்றி 14 ஊசியாம். அம்மிச்சி இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க. அந்தப் பழைய ஊசி 2004-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. இப்போது கையில்தான்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கருப்பன் காயத்தைக் கழுவியது நான். என் விரலில் முள் கீறல் இருந்தது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கை கழுவ வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் ஊசி. காசு வாங்கவில்லை. வலி எறும்பு கடித்த அளவுதான்.

அப்பாரு, "பத்து நாள் பார்த்தாப் போதுமல்லோ?" என்றார். டாக்டர் விளக்கினார்: பத்து நாள் கணக்கு மனுசரைக் கடித்த நாய்க்கு. கடிபட்ட நாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. வைரஸ் இன்னும் நரம்பில் நடந்துகொண்டு இருக்கலாம். ஊசியும் போட்டு, மாதக்கணக்கில் தனியாகக் கட்டி வைக்க வேண்டும்.

கருப்பனுக்கு ஒரு வருசம்கூடத் தடுப்பூசி போட்டதில்லை. முகாமுக்கு மைக்கில் கூப்பிட்டபோது நாங்கள் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு இருந்தோம். இன்றோடு 43 நாள். மாட்டுச்சாளைக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருக்கிறான். சோற்றுச் சட்டியை அப்பாரு கம்பால் தள்ளி வைக்கிறார். என்னைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறான். நான் தூர நின்று, தண்ணீர் குடிக்கிறானா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.