இறைச்சி மென்மையாவது எப்படி?



கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமையன்று, மனையியல் வகுப்பு மாணவியராகிய நாங்கள் மடத்தை அடுத்துள்ள முதியோர் இல்லத்தில் பகலுணவு சமைத்துப் பரிமாறினோம். ஓர் ஆங்கிலச் சமையல் நூலைப் பார்த்து, மாட்டிறைச்சி ஸ்டேக் செய்வதென்று தீர்மானித்தோம். கையிலிருந்த பணத்துக்குத் தொடைக்கறிதான் கிடைத்தது. அதைத் துண்டுகளாக அறுத்து, உப்பும் மிளகும் தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பொரித்தோம். முதல் துண்டு கடினமாக இருந்தது. இன்னும் சற்று நேரம் இருந்தால் மெதுவாகும் என்று எண்ணி, மற்றவற்றைப் பதினைந்து நிமிடம் வரை கல்லிலேயே வைத்தோம். அவை தோல் செருப்புப் போல ஆயின.

பெரியவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பாட்டி கறியை வாயில் வைத்து வெகுநேரம் மென்றுவிட்டு, மெல்ல எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். "கறி ருசியாத்தான் இருக்கு கண்ணுகளா, எனக்குத்தான் பல்லு இல்ல" என்றார். பிறகு வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது எங்கள் சிஸ்டர், "பாட்டியின் பல்லைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கறியைக் கேளுங்கள், ஏன் வேகவில்லை என்று" என்றார்கள். அந்தக் கேள்விக்கு அடுத்த சில வாரங்களில் நாங்கள் கற்ற விடையே இக்கட்டுரை.

இறைச்சியின் அமைப்பு

நாம் இறைச்சி என்று சொல்வது விலங்கின் தசையாகும். அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். தசை, நூல் போன்ற மெல்லிய நார்களால் ஆனது. அந்நார்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் வெள்ளைச் சவ்வில் கொலாஜன் என்ற புரதம் உள்ளது. இறைச்சி கடினமாவதற்கு நார், சவ்வு ஆகிய இரண்டும் காரணம். ஆனால் இரண்டும் நெருப்புக்கு ஒரே விதமாகக் கட்டுப்படுவதில்லை. எங்கள் தவறு இதை அறியாததே.

நார்கள் சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கத் தொடங்குகின்றன. 60 டிகிரியைத் தாண்டியதும், ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் சாறு வெளியேறுகிறது. 70 டிகிரிக்கு மேல் இறைச்சி வறண்டு இறுகிவிடும். ஆகவே நாருக்குக் குறைந்த நேரமே நல்லது.

சவ்வின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது 70 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஈரப்பதத்துடன், மணிக்கணக்கில் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறியபின் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த ஜெலட்டினே. நார் வறண்டாலும், கரைந்த ஜெலட்டின் நாவுக்கு வழவழப்பைத் தருகிறது.

நாங்கள் வைத்த பதினைந்து நிமிடம், நார் இறுகுவதற்குப் போதுமான நேரம். சவ்வு கரைவதற்குப் போதாத நேரம். இரண்டு வழிகளுக்கும் நடுவில் நின்றுவிட்டோம்.

எந்தக் கறி, எந்த வயது?

அதிகம் உழைக்கும் உறுப்பில் சவ்வு அதிகம். நடந்து நடந்து உறுதிப்பட்ட காலும் தொடையும், தலையைத் தாங்கும் கழுத்தும் அத்தகையவை. முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் 'அண்டர்கட்' என்னும் சதைக்கு வேலை குறைவு. எனவே அது மிக மென்மையானது; விலையும் அதிகம்.

வயதும் ஒரு காரணம். விலங்குக்கு வயது ஏற ஏறக் கொலாஜனின் பிணைப்புகள் உறுதியாகி, எளிதில் கரைய மறுக்கின்றன. மேல்நாடுகளில் ஸ்டேக்குக்காக வளர்க்கும் மாடுகள் பெரும்பாலும் இரண்டு வயதளவில் இறைச்சிக்கு வருகின்றன. நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடுகளுக்கோ, நிரந்தரமாக முடமானவற்றுக்கோதான் வெட்டுவதற்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே மேல்நாட்டு நூலில் உள்ள நிமிடக் கணக்கை அப்படியே பின்பற்றினால் நமக்கு ஏமாற்றமே.

மேலும், வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடுகிறது. அதன்பின் அதிலுள்ள நொதிகளே நாரைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றன. விடியற்காலையில் வெட்டியதைக் காலையிலேயே வாங்கி உடனே சமைப்பதைவிட, ஒன்றிரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்துச் சமைப்பது நன்று.

ஒரு பழைய நம்பிக்கை

முதலில் பெருந்தீயில் வாட்டினால் மேற்புறம் மூடிக்கொண்டு சாறு உள்ளேயே தங்கும் என்று பலரும் சொல்வர். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1847இல் வெளியிட்ட நூலால் இக்கருத்து பரவியது. இதை நாங்களும் சோதித்தோம். ஒரே எடையுள்ள இரு துண்டுகளில் ஒன்றை முதலில் வாட்டியும், மற்றதை வாட்டாமலும் வேகவைத்தோம். எங்கள் வகுப்பில் மாட்டிறைச்சி உண்ணாத தோழியரும் உண்டு. அவர்களே தராசையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டனர். இரண்டிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்திருந்தது. வாட்டுவதால் சாறு தங்குவதில்லை. ஆனால் மணமும் பொன்னிறமும் உண்டாகின்றன. புரதமும் சர்க்கரையும் உயர்ந்த வெப்பத்தில் சேர்வதால் ஏற்படும் இம்மாற்றத்தை 1912இல் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர்.

செய்முறை 1: அண்டர்கட் ஸ்டேக்

கறியை நாருக்குக் குறுக்காக, அரை அங்குலக் கனத்தில் நறுக்கவும். குறுக்கே அறுத்தால் நார் துண்டாகி, பல்லுக்கு வேலை குறையும். குழவியால் மெல்லத் தட்டி, உப்பு தடவி ஒரு மணி நேரம் குளிரில் வைக்கவும். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பின்பு அந்நீருடன் உள்ளே சென்று சாற்றைப் பிடித்து வைக்கும். சமைக்குமுன் ஈரத்தை ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வைத்து, உட்புறச் சிவப்பு மாறியவுடன் எடுத்துவிடவும். தட்டிய கறியில் மேலுள்ள கிருமிகள் உள்ளே சென்றிருக்கக் கூடும். எனவே பாதி வேக்காட்டில் உண்ணலாகாது. மிளகுத்தூள் தூவி, ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறவும்.

செய்முறை 2: தொடைக்கறி ஸ்டேக்

அரைக் கிலோ கறியை ஓர் அங்குலக் கனத்தில் நறுக்கி, அரைத்த பப்பாளிக்காய் ஒரு மேசைக்கரண்டி தடவி அரைமணி நேரம் ஊற வைக்கவும். காயின் பாலிலுள்ள பப்பாயின் புரதத்தை அறுக்கும் நொதி. அது மேற்பரப்பில்தான் வேலை செய்யும்; அளவு மிஞ்சினால் கறி மாவுபோல் குழையும். பிறகு இருபுறமும் பொன்னிறமாக வாட்டி எடுத்துக்கொள்ளவும். அதே சட்டியில் இரண்டு வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கவும். கறியைச் சேர்த்து, உப்பும் மிளகும் இட்டு, பாதி மூழ்குமளவு வெந்நீர் ஊற்றி இறுக மூடவும். தளதளவென்று கொதிக்க விடாமல், சிறு தீயில் இரண்டரை மணி நேரம் விடவும். முள்கரண்டி தடையின்றி இறங்கினால் பதம். பிரஷர் குக்கரில் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்வதால், நாற்பது நிமிடத்தில் இப்பதம் வந்துவிடும்.

பொங்கல் விடுமுறை கழிந்து மீண்டும் முதியோர் இல்லத்துக்குச் சென்றோம். இம்முறையும் அண்டர்கட் வாங்கப் பணம் போதவில்லை, அதே தொடைக்கறிதான். காலை எட்டு மணிக்கே அடுப்பை மூட்டினோம். பகலில் அந்தப் பாட்டி கரண்டியின் விளிம்பாலேயே கறியைப் பிரித்து, சோற்றுடன் பிசைந்து உண்டார். பிறகு இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் வை கண்ணு" என்றார்.

தோழியரே, மலிவான கறி என்று எதையும் இகழ வேண்டாம். விலை கொடுக்க இயலாதபோது நேரத்தைக் கொடுக்கலாம். நம் வீட்டிலும் பல் தளர்ந்த தாத்தா பாட்டியர் இருப்பர். அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். பரிமாறும்போது அவர்கள் இலையின் ஓரத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.