மலிவான அடுக்கு, கனமான பில்

நம்பிக்கை: பல்கலைக்கழகத்துக்கு கிளவுடில் இடம் இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம்.

அது ஒரு காலம். 2022 ஜூலையிலிருந்து கூகுள் ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து இலவசமாகத் தருவது 100 டெராபைட். 2024-இல் மைக்ரோசாஃப்டும் அதே அளவில் கோடு கிழித்தது. 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு 5 ஜிபி. அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு.

நம்பிக்கை: எல்லோரும் பழைய மெயிலை அழித்தால் சரியாகிவிடும்.

சுற்றறிக்கை அனுப்ப வசதியான யோசனை, அவ்வளவுதான். இடத்தைத் தின்பவை வகுப்பு வீடியோக்கள், நுண்ணோக்கிப் படங்கள், மரபணு வரிசைக் கோப்புகள், படித்து முடித்துப் போனவர்களின் கணக்குகள். கூகுள் டிரைவில் பிறர் பகிர்ந்த கோப்பை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்தால் ஒரு பைட்கூட மிச்சமாகாது. அது உரிமையாளர் கணக்கில் இருக்கிறது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதி இயங்கினால், அழித்த கோப்பும் உள்ளே இருந்துகொண்டு வாடகை கேட்கும்.

நம்பிக்கை: பழைய தரவை எல்லாம் மலிவான ஆவண அடுக்குக்குத் தள்ளிவிட்டால் செலவு தீர்ந்தது.

விலைப்பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்க விலையில் எஸ்3-இன் சாதாரண அடுக்கில் ஒரு டெராபைட்டுக்கு மாதம் சுமார் 23 டாலர். அதன் ஆவண அடுக்கான கிளேசியர் டீப் ஆர்கைவில் ஏறக்குறைய 1 டாலர். ஆனால் உள்ளே அனுப்பவே கட்டணம் உண்டு, அதுவும் கோப்பின் எண்ணிக்கைக்கு: ஆயிரம் கோப்புக்கு 5 சென்ட். ஆய்வகக் கருவி ஒன்று தலா 200 கேபி அளவில் ஒரு கோடிக் கோப்புகளை உமிழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2 டெராபைட்தான். அனுப்பும் செலவு 500 டாலர். மாதம் மிச்சமாவது 44. பதினோரு மாதச் சேமிப்பு வாசலிலேயே போய்விடுகிறது. முதலில் பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து டார் கோப்புகளாக மூட்டை கட்டி அனுப்பினால் இந்தச் செலவு சில்லறையாகிவிடும். இதைச் செய்யாமல் அடுக்கு மாற்றும் விதியை முடுக்கிவிடும் ஆர்வக்கோளாறுதான் எனக்குப் புரிவதில்லை.

இன்னும் உண்டு. 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகை. திரும்ப எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம்வரை காத்திருப்பு, அதற்குத் தனிக் கட்டணம். அங்கிருந்து உங்கள் வளாகக் கணினிக்கு இறக்கினால் மாதத்தின் முதல் 100 ஜிபிக்குப் பிறகு ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 90 டாலர். கல்வி நிறுவனங்களுக்கு இந்த வெளியேற்றக் கட்டணத்தில், மொத்த பில்லின் 15 சதவீதம்வரை தள்ளுபடித் திட்டம் இருக்கிறது; விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். ஆகவே வாரந்தோறும் தொடும் தரவுக்கு இந்த அடுக்கு ஆகாது.

நம்பிக்கை: இரண்டாம் பிரதி வீண் செலவு.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டிய ஒரு நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப்பிக்கப்பட்டதால் தடம் மாறி, மீகணினியின் சேமிப்பிலிருந்து சுமார் 77 டெராபைட்டைத் துடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க வழியில்லை. ஆகவே குறைக்க வேண்டியது இரண்டாம் பிரதியை அல்ல, மறுபடி கணக்கிட்டு எடுத்துவிடக்கூடிய இடைநிலைக் கோப்புகளை. எது அப்படிப்பட்டது என்பது கணினி மையத்துக்குத் தெரியாது. ஆய்வாளரைத்தான் கேட்க வேண்டும். பணம் வசூலிக்காவிட்டாலும், துறைவாரியாக மாதக் கணக்கை அனுப்பிவைத்தால் அந்தப் பேச்சு தொடங்கும்.