சேற்றில் இரும்பு, சாலையில் ரப்பர்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அறந்தாங்கிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கல்லணைக் கால்வாயின் தண்ணீர் பாயும் வயல்களிலும் கண்மாய்ப் பாசன வயல்களிலும் சம்பா நடவுக்காகத் தொளி உழவு நடந்துகொண்டிருக்கும். உழும் டிராக்டரின் பின்சக்கரங்களைக் கவனியுங்கள். ரப்பர் டயருக்குப் பக்கத்திலோ, டயரையே கழற்றிவிட்ட இடத்திலோ, ஆங்கிள் இரும்புப் பட்டைகளை வளையங்களில் பற்றவைத்துச் செய்த ஒரு கூண்டு சுழலும். கேஜ் வீல் என்று ஊரில் எல்லாரும் சொல்வது இதைத்தான். அரைக் கூண்டு என்றால் டயரோடு சேர்த்து மாட்டுவது; முழுக் கூண்டு என்றால் டயருக்குப் பதிலாக மாட்டுவது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொடக்க காலத்து டிராக்டர்கள் எல்லாமே இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932இல் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தனது 'யு' மாதிரி டிராக்டரில் காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. வேகம் கூடிற்று, அதிர்ச்சி குறைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று. சில ஆண்டுகளில் இரும்புச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட இரும்புச் சக்கரம் நெல் வயலில் மட்டும் ஏன் மறுபடியும் தலைகாட்டுகிறது?

உராய்வு என்பீர்கள். ரப்பருக்கும் சேற்றுக்கும் உராய்வு குறைவு, இரும்புக்கு அதிகம் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. வழவழப்பான இரும்புத் தகட்டைச் சேற்றில் இழுத்துப் பாருங்கள், ரப்பரைவிட எளிதாகவே வழுக்கும். காரணத்தைச் சக்கரத்தில் தேடக்கூடாது, மண்ணில் தேடவேண்டும்.

டயரின் புடைப்புகள் மண்ணுக்குள் பதிந்து, இடையில் உள்ள மண்ணைக் கவ்விக்கொள்கின்றன. சக்கரம் வழுக்கும்போது ரப்பர் மண்மீது வழுக்குவதில்லை. கவ்விய மண், கீழே உள்ள மண்ணிலிருந்து அறுந்துகொண்டு வருகிறது. ஆகவே டிராக்டர் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது, மண் அறுபடாமல் எவ்வளவு தாங்கும் என்பதே. இந்தக் கணக்கை முதலில் தெளிவாக எழுதியவர் பிரான்ஸ் நாட்டுக் கூலும். ஆம், மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசையைப் பற்றி நீங்கள் படிக்கும் அதே கூலும்தான்! அவர் தொழிலால் இராணுவப் பொறியாளர். கோட்டைச் சுவர்களுக்குப் பின்னால் மண் எப்படிச் சரிகிறது என்று ஆராய்ந்து 1773இல் ஒரு கட்டுரை அளித்தார். அவர் கண்டபடி மண்ணின் வலிமைக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு. இது பரப்பைப் பொறுத்தது. மற்றொன்று, துகள்களுக்கு இடையே உள்ள உராய்வு. இது மேலே அழுத்தும் எடையைப் பொறுத்தது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1,800 கிலோகிராம் நிறையுள்ள ஒரு நடுத்தர டிராக்டரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் அதன் எடை 18,000 நியூட்டன். இதில் ஏறக்குறைய 11,400 நியூட்டன் பின்சக்கரங்கள் இரண்டின் மீதும் விழுகிறது. ஒவ்வொரு பின்டயரும் 0.1 சதுர மீட்டர் பரப்பில் மண்ணைத் தொடுகிறது என்க.

உலர்ந்த மணற்பாங்கான புஞ்சையில் பிணைப்பு ஏறத்தாழ இல்லை, உராய்வு மட்டுமே உண்டு. உராய்வுக் குணகம் 0.58 என்றால் இழுவிசை 11,400 × 0.58, அதாவது சுமார் 6,600 நியூட்டன். போதாது என்றால் டயருக்குள் தண்ணீர் நிரப்பலாம். சக்கரத்தில் இரும்பு எடைகளை மாட்டலாம். எடை கூடினால் பிடிப்பும் கூடும்.

இப்போது அதே வண்டி தொளிக்குள் இறங்குகிறது. நீர் நிறைந்த களிமண் சேற்றில் மேலே வரும் எடையைத் துகள்களுக்கு இடையில் சிக்கிய நீரே தாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தாதபோது அவற்றுக்குள் உராய்வு எங்கிருந்து வரும்? மிஞ்சுவது பிணைப்பு ஒன்றுதான். அது சதுர மீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டயருக்கும் 0.2 × 10,000 = 2,000 நியூட்டன். ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது! இங்கே எடையைக் கூட்டினால் பிடிப்பு கூடாது. வண்டி இன்னும் ஆழமாகப் புதையும், அவ்வளவுதான். கூட்ட வேண்டியது பரப்பை. இரு பக்கமும் அரைக் கூண்டு மாட்டிப் பரப்பை இரட்டித்தால் இழுவிசை 4,000 நியூட்டன் ஆகிறது. மண்மீது விழும் அழுத்தமும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆகவே புதைவதும் குறைகிறது.

கூண்டு ஏன் இடைவெளி விட்டுச் செய்யப்படுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். டயரின் புடைப்புகளுக்கு இடையே களிமண் அப்பிக்கொண்டால் அது வழவழப்பான உருளையாகிவிடும். கூண்டிலோ, உள்ளே புகுந்த சேறு மறுபக்கம் வழிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டை புதிதாக மண்ணைக் கவ்வும்.

சங்கிலியும் கூண்டும்

குளிர் நாடுகளில் டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டுவார்கள். ஹாரி வீட் என்ற அமெரிக்கர் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சேறு நிறைந்த பாதைகளில் வண்டியோட்டிகள் டயரில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாம். நம் நாட்டிலும் இமயமலையில் பனிக்காலத்தில் இராணுவ லாரிகள் இத்தகைய சங்கிலிகளைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகின்றன.

சங்கிலி, கேஜ் வீல் இரண்டும் வழுக்கலைத் தடுப்பவை என்றாலும் அவற்றின் தத்துவம் நேர் எதிரானது. பனிக்கட்டி கடினமானது. அதைக் கடிக்க வேண்டுமானால் எடை முழுவதையும் சில கண்ணிகளின் மீது குவிக்கவேண்டும். பரப்பு குறைய, அழுத்தம் கூட, கண்ணி பனியில் பதிகிறது. சேறோ ஏற்கெனவே மென்மையானது. அங்கே எடையைப் பரப்பவேண்டும்.

இதே கூண்டைத் தார்ச்சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு சக்கரத்தின் 5,700 நியூட்டனும் ஒன்றிரண்டு ஆங்கிள் விளிம்புகளின் மீது விழுகிறது. விளிம்பு 30 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலம் என்றால் பரப்பு 15 சதுர செ.மீ. டயருக்கு அது 1,000 சதுர செ.மீ. அழுத்தம் 66 மடங்கு! வெயிலில் இளகிய தாரில் வரிவரியாகப் பள்ளம் விழுவதற்கு வேறு விளக்கம் வேண்டாம். முழுக் கூண்டை வயல் வரை டிரெய்லரில் கொண்டுபோய் அங்கே மாட்டுவதே முறை. அரைக் கூண்டின் விட்டம் டயரைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், கெட்டித் தரையில் அது தரையைத் தொடாது.

மாட்டுவதும் பழுது பார்ப்பதும்

கேஜ் வீலை மாட்டுமுன் சக்கரத் தட்டையும் கூண்டின் தட்டையும் சேறு, துரு இல்லாமல் துடைக்கவேண்டும். இது அழகுக்காக அன்று. போல்ட்டை முறுக்கும்போது அது சிறிதளவு நீண்டு, இரண்டு தட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. சுழற்சியைச் சக்கரத்திலிருந்து கூண்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்தத் தட்டுகளுக்கு இடையேயுள்ள உராய்வுதான். நடுவில் சேறு இருந்தால் அது சில மணி நேரத்தில் பிதுங்கி வெளியேறும், இறுக்கம் தளரும், பிறகு பளு முழுவதும் போல்ட்டின் உடலில் விழுந்து அது அறுந்துவிடும். எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி முடுக்கவேண்டும். ஒரு மணி நேரம் உழுதபின் நிறுத்தி மறுபடியும் முடுக்கவேண்டும்.

கூண்டு பெரும்பாலும் முறிவது ஆங்கிளும் வளையமும் சேரும் பற்றுவைப்பில். ஓர் ஆங்கிள் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பளுவை ஏற்று விடுகிறது. சக்கரத்தின் சுற்றளவு 3.8 மீட்டர், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால், எட்டு மணி நேரத்தில் 8,400 தடவை! ஒருமுறை வளைத்தால் ஒன்றும் ஆகாத கம்பி, பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? உலோகச் சோர்வு என்பது இதுதான். மயிரிழை விரிசலைக் கண்டவுடனே பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது. விரிசலை முழுவதும் தேய்த்தெடுத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். மேலாக ஒரு பூச்சுப் போட்டால் உள்ளே விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். கூண்டைக் கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். டயர் மாட்டிய சக்கரத்தின் மேல் தீயோ மின்வெல்டிங்கோ படக்கூடாது. சூட்டில் ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்கள் உள்ளே சேரும். டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு.

கேஜ் வீல் எவ்வளவு பயன்தருகிறது என்பதை நீங்களே அளக்கலாம். பின்சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, வயலுக்கு வெளியே வரப்பில் நின்று எண்ணுங்கள். கெட்டித் தரையில் பத்துச் சுற்றுக்கு வண்டி 38 மீட்டர் போகிறது. சேற்றில் கொழுக் கலப்பையோடு 30 மீட்டர்தான் போகிறது என்றால் வழுக்கல் 8/38, அதாவது 21 விழுக்காடு. டயர் மட்டும், டயரும் கூண்டும் என்று இருமுறை அளந்து ஒப்பிடுங்கள். ரோட்டவேட்டர் பூட்டியிருக்கும்போது அளக்காதீர்கள். அதன் கத்திகள் மண்ணைப் பின்னே தள்ளி வண்டியை முன்னே உந்துவதால் கணக்குக் குழம்பும்.

வழுக்கல் ஒரு காவல்

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி புதைந்துவிட்டால் சிலர் ஒரு மரக்கட்டையைப் பின்சக்கரங்களின் குறுக்கே சங்கிலியால் கட்டிவிட்டு, முதல் கியரில் கிளட்சை விடுகிறார்கள். கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற விடுவதில்லை. ஆனால் எஞ்சின் அச்சைச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. சக்கரம் சுற்றாவிட்டால் எது சுற்றும்? நியூட்டனின் மூன்றாம் விதி பதில் சொல்கிறது: வண்டியின் உடல், அச்சைச் சுற்றிப் பின்புறமாக எழும்.

நம் டிராக்டரின் புவியீர்ப்பு மையம் பின்அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால் இருக்கிறது. முன்பக்கத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் திருப்புத்திறன் 18,000 × 0.7 = 12,600 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவது 140 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் முதல் கியரில் வேகம் சுமார் 200 மடங்கு குறைக்கப்படுவதால் அச்சில் அது 28,000 ஆகிறது. கியர்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் 20,000க்குக் குறையாது. 12,600 எங்கே, 20,000 எங்கே!

அப்படியானால் சமதளத்தில் சாதாரணமாக ஓட்டும்போது டிராக்டர் ஏன் கவிழ்வதில்லை? சக்கரம் வழுக்கிவிடுவதால்தான். எடை முழுவதும் பின்சக்கரத்தில் விழுந்து, உராய்வுக் குணகம் 0.8 இருந்தாலும்கூட, 0.6 மீட்டர் ஆரமுள்ள டயர் 18,000 × 0.8 × 0.6 = 8,640 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கிவிடும்; முன்பக்கம் எழுவதற்கு அது போதாது. வீட்டு மின்சுற்றில் உருகி இழை செய்யும் வேலையை இங்கே வழுக்கல் செய்கிறது. கட்டையைக் கட்டுகிறவர் அந்த உருகி இழையைப் பிடுங்கிவிட்டு ஆணியைச் சொருகுகிறார்.

முன்சக்கரம் எழத் தொடங்கினால் சுமார் முக்கால் வினாடியில் மீட்க முடியாத கோணத்தைத் தாண்டிவிடும். ஒன்றரை வினாடிக்குள் வண்டி முழுவதும் மல்லாந்துவிடும். அபாயத்தை உணர்ந்து கால் கிளட்சை மிதிப்பதற்கு அந்த நேரம் போதாது. ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் நம் பக்கத்து டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. என் மாணவர்கள் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். திருப்புத்திறன் கணக்கைத் தேர்வில் அழகாகப் போடுவார்கள். அதே கணக்கை அப்பாவுக்கும் மாமாவுக்கும் வரப்பில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்வதுண்டு.

சரி, மாட்டிய வண்டியை எப்படி எடுப்பது? முதலில் கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சேற்றை மண்வெட்டியால் அள்ளிச் சரிவாக வழி செய்து, பின்கியரில் மெதுவாக வெளியே வரப் பார்க்கவேண்டும். பின்கியரில் எதிர்விசை முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும், எழவிடாது. ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றினால், நேராகப் போகும்போது மட்டும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்து இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கலாம். திருப்புமுன் விட்டுவிட வேண்டும்.

அதற்கும் வராவிட்டால், கெட்டித் தரையில் நிற்கும் வேறொரு டிராக்டரால் இழுக்கவேண்டும். இழுக்கும் வண்டியில் இரும்புக் கயிற்றை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது முக்கியம். 12,000 நியூட்டன் இழுவிசையில், தரையிலிருந்து 0.4 மீட்டர் உயரத்தில் உள்ள இழுவைக் கம்பியில் மாட்டினால் முன்பக்கத்தைத் தூக்கும் திருப்புத்திறன் 4,800. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 1.1 மீட்டர் உயரத்தில் மாட்டினால் 13,200. தாங்கும் எல்லையோ 12,600தான். கயிறு தொய்வில்லாமல் இறுகிய பிறகே மெல்ல நகரவேண்டும். அது அறுந்தால் சாட்டைபோல் வீசியடிக்கும். ஆகவே அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது.