‘சமர்ப்பி’ பொத்தானைக் காணோமா? திரையின் ரெசல்யூஷனைப் பாருங்க!

வருமானச் சான்றிதழுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கிறீர்கள். எல்லாம் நிரப்பியாச்சு. ஆனால் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிகிறது. ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்குள் வரவே இல்லை. இணையதளத்தில்தான் கோளாறு என்று மூடிவிடாதீங்க. பல நேரங்களில் காரணம் உங்கள் திரை அமைப்புதான்.

கைபேசியில் திரையும் கருவியும் ஒன்றாகவே வருவதால் இந்தத் தொல்லை இல்லை. டெஸ்க்டாப்பில் மானிட்டர் தனி, கம்ப்யூட்டர் தனி. இரண்டும் பொருந்தாவிட்டால் படம் மாறிப்போகும்.

ரெசல்யூஷன் என்றால் என்ன?

திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைதான் அது. 1920 × 1080 என்றால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 800 × 600 என்றால் 4.8 லட்சம்தான். இடம் கால் பங்குக்கும் கீழே குறைவதால் பக்கம் முழுதாக அடங்காது.

விண்டோஸ் 10, 11-ல் இந்த வரிசையில் பாருங்க:

1. முதலில் பிரவுசர். கண்ட்ரோல் விசையுடன் 0-வை அழுத்தினால் பக்கம் இயல்பான அளவுக்கு வரும். கடைசி நாள், அவசரம் என்றால் கண்ட்ரோலுடன் கழித்தல் குறியை அழுத்துங்க. பக்கம் சுருங்கி, பொத்தான் தெரியலாம்.

2. டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ திறங்க. ரெசல்யூஷன் பட்டியலில் ‘ரெகமண்டட்’ என்று உள்ளதைத் தேர்ந்தெடுத்து, ‘கீப் சேஞ்சஸ்’ கொடுங்க. திரை கறுப்பாகிவிட்டால் பயப்படாதீங்க. எதையும் தொடாமல் 15 விநாடி பொறுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

3. அங்கேயே ‘ஸ்கேல்’ 150 சதவீதம் என்று இருந்தால் 125 அல்லது 100-க்குக் குறைத்துப் பாருங்க.

4. பட்டியலில் பெரிய அளவே இல்லையா? கேபிளின் இரு முனைகளையும் இறுக்கமாகச் செருகுங்க. அப்புறம் ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ போய், ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பாருங்க. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால், உரிய டிரைவர் வேலை செய்யவில்லை என்று பொருள். ‘விண்டோஸ் அப்டேட்’ மூலமோ, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ நிறுவுங்க.

கவனத்தில் வையுங்க

• முதல் மூன்றையும் விண்ணப்பம் திறந்திருக்கும்போதே செய்யலாம். நான்காவதற்கு முன், வசதி இருந்தால் விண்ணப்பத்தைச் சேமித்துவிடுங்க. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் நிரப்பியது போய்விடலாம்.

• பெரியவர்களுக்கு எழுத்து சிறிசாகத் தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீங்க, எழுத்து மங்கும். ஸ்கேலைக் கூட்டினால் போதும்.

• “டிரைவர் சரிசெய்து தருகிறோம்” என்று திடீரென வரும் விளம்பரங்களைத் தொடாதீங்க. அதில் உள்ள எண்ணுக்குப் பேசி உங்கள் கம்ப்யூட்டரை இயக்க அனுமதி தராதீங்க. பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

‘சமர்ப்பி’ அழுத்தியதோடு எழுந்துவிட வேண்டாம். ஒப்புகைச் சீட்டும் விண்ணப்ப எண்ணும் திரையின் கீழ்ப்பகுதியில் மறைந்திருக்கலாம். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் வேலை முடிந்தது.