முதலில் வாயை வரை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பூச்சாடி வரைபடங்களைப் பார்த்தேன். முறுக்கிய உடலும் ஒரு பக்கம் சரிந்த தோளும் பிரமாதம். ஆனால் எந்தப் படத்திலும் பூவைக் காணோம். பூவைச் செருகிப் பார்த்திருந்தால் வாயை இவ்வளவு அகலமாகப் போட்டிருக்க மாட்டாய்.

காம்பை நிறுத்துவது வாயும் கழுத்தும்தான். நாலைந்து சம்பங்கித் தண்டுக்கு 3 செ.மீ. வாய் தாராளம். நீ போட்டிருப்பதில் அவை நாலா பக்கமும் சாய்ந்து கிடக்கும். அகலவாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஜப்பானியர் இகெபானாவில் வைக்கும் கென்சானை உள்ளே போடு. கனத்த ஈயக்கட்டையில் பித்தளை ஊசிகளை நெருக்கமாக நட்டிருப்பார்கள். காம்பை அதில் குத்தினால் ஒற்றைப் பூவும் நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம் எடை. 30 செ.மீ. உயரம், 10 செ.மீ. விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் தகடு என்றால் பித்தளையில் ஏறக்குறைய 1.3 கிலோ வரும். அலுமினியத்தில் 400 கிராம்தான். தோள் சரிந்த உன் சாடிக்கு அலுமினியம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் வற்ற வற்றத் தள்ளாடும். அடித்தகட்டை இன்னும் தடிமனாகப் போடு.

முறுக்கலைத் தகட்டில் அடித்து எடுப்பது கடினம். சுவாமிமலையில் சிலை செய்வதுபோல மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி வார்ப்பதே சுலபம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாடி உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும் அல்லவா? மெழுகு உருகி ஓடியதும் உள்ளிருக்கும் மண்கரு அந்தரத்தில் நிற்காது. ஆணி கொடுத்துத் தாங்க வேண்டும். வார்த்தபின் ஆணியைப் பிடுங்கிய இடம் துளை. சிலையில் அதை அடைத்துத் தேய்த்தால் வேலை முடிந்தது. சாடியிலோ ஊசிமுனைத் துளையும் மேஜையை நனைத்துவிடும். மெருகு போடுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பார்.

ஒரே சாடியில் பூவும் வைக்கலாம், செடியும் வளர்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உடன்பாடில்லை. பூவுக்குத் தண்ணீர் தங்க வேண்டும், செடிக்கு வடிய வேண்டும். செம்பும் பித்தளையும் ஈரமண்ணில் களிம்பேறும், வேருக்கு ஆகாது. வெயிலில் சூடேறியும் வேரை வாட்டும். செடிதான் வேண்டுமென்றால் அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கு. அது உரசாமல் போய்வர வாய் அகலமாக இருக்கட்டும். அந்தச் சாடியைத் தனியாக வரை.

அன்புடன்,
அண்ணன்