இலந்தை மரத்தடிக் கிழவர்

கேள்வி: அமிர்தசரஸ் பொற்கோவில் குளக்கரையில் பழைய இலந்தை மரம் ஒன்றைப் பார்த்தேன். அருகே ஆங்கிலப் பலகையில் ‘பேர் பாபா புத்தா’ என்று படித்தேன். கௌதம புத்தரின் பெயர் சீக்கியர் கோவிலுக்குள் எப்படி வந்தது?

பதில்: நல்ல சந்தேகம். தவறு உங்களுடையதல்ல, ஆங்கில எழுத்தினுடையது. அதில் த-வுக்கும் ட-வுக்கும் ஒரே எழுத்துதான். கௌதமரின் பெயரில் வருவது ‘த’. விழிப்புற்றவர் என்று பொருள். இங்கே வருவது நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’. பஞ்சாபியில் ‘புட்டா’ என்றால் கிழவர். ‘பேர்’ என்பதும் நாம் வைக்கும் பேர் அல்ல, இலந்தையேதான்!

பாபா புட்டா, சீக்கிய மதத்தை நிறுவிய குரு நானக்கின் தொடக்ககாலச் சீடர். 1506-இல் அமிர்தசரஸுக்கு அருகே கத்து நங்கல் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பூரா. வயதான பிறகு ‘கிழவர்’ ஆகியிருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை, மாடு மேய்க்கும் பையனாக இருந்தபோதே அந்தப் பெயர் வந்துவிட்டது.

சீக்கியர்கள் சொல்லும் கதை இது. ஊருக்கு வந்த நானக்குக்குப் பையன் பால் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு தன் பயத்தைச் சொன்னான்: இந்தப் பக்கமாகப் போன படைவீரர்கள் எங்கள் வயலை அறுத்துப் போட்டார்கள், விளைந்தது, பால் பிடிக்காதது என்று பார்க்கவில்லை. சாவும் அப்படித்தானே, சின்னப் பையன் என்று என்னை விட்டுவிடுமா? நானக் சிரித்தார். நீ பையன் இல்லையப்பா, கிழவன் மாதிரி பேசுகிறாய் என்றார். பூரா அன்றே புட்டா ஆனான்.

நானக்குக்குப் பின் வந்த ஐந்து குருமார்கள் பொறுப்பேற்றபோது நெற்றியில் திலகமிட்டவர் இவர்தான் என்பது மரபு. 1604-இல் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தைப் பொற்கோவிலில் வைத்தபோது, ஐந்தாம் குரு அர்ஜன் இவரையே முதல் கிரந்தி ஆக்கினார். கிரந்தி என்றால் அந்த நூலை ஓதிப் பேணுபவர். அப்போது இவருக்கு வயது ஏறக்குறைய 98. நீங்கள் பார்த்த மரத்தடியில் உட்கார்ந்துதான் குளம் வெட்டும் வேலையை மேற்பார்த்தார், ஆட்களுக்குக் கூலி கொடுத்தார் என்கிறார்கள்.

1631-இல் ராம்தாஸ் என்ற ஊரில் இறந்தார். மரபுக் கணக்குப்படி 125 வயது. சாவைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் கவலைப்பட்ட பையனை அது அத்தனை காலம் விட்டுவைத்திருந்தது! பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் ஆறாம் குரு ஹர்கோவிந்தும் ஒருவர். சிறுவயதில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் இந்தக் கிழவர்தான்.