இரு பணி புரியும் விசிறி

இரண்டு எஜமானர்க்கு ஒருங்கே ஊழியஞ்செய்தல் அரிது என்பர். ஆயினும் மோட்டார் வண்டியின் முன்புறத்தே மறைந்திருக்கும் விசிறியானது இவ்வரிய தொழிலை நாள்தோறும் இயற்றி வருகின்றது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விசிறியின் முதல் எஜமானன் எஞ்சின். எஞ்சினில் எரியும் எண்ணெயால் உண்டாகும் உஷ்ணத்தில் ஒரு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படுகின்றது. எஞ்சியதில் ஒரு பங்கை நீர் ஏற்றுவந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியே காற்றிற்குக் கொடுத்து மீளும்.

இரண்டாம் எஜமானன் ஏ.ஸி. இது குளிரைப் படைப்பதன்று. வண்டியினுள் இருக்கும் உஷ்ணத்தை வெளியே கொண்டு சேர்ப்பதாம். நனைந்த பனியனோடு காற்றில் நிற்பார்க்குக் குளிர் தோன்றுவது ஏன்? நீர் ஆவியாகுங்கால் உடலின் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்வதனால் அன்றோ? அவ்வாறே, பல வண்டிகளில் வழங்கும் ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகும் இயல்பினது. அது வண்டியினுள்ளே ஆவியாகி உஷ்ணத்தைக் கவர்கின்றது. பின்னர்க் கம்ப்ரஸரால் நெருக்கப்பட்டுப் புறக்காற்றினும் மிக்க சூடடைந்து, ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டென்ஸரில் அவ்வுஷ்ணத்தைக் காற்றில் விட்டு, மீண்டும் திரவமாகின்றது. இவ்விரண்டின் ஊடேயும் காற்றை இழுப்பது விசிறியே.

பழைய அம்பாஸிடர் வண்டியில் விசிறியை எஞ்சினே பெல்ட்டினால் சுழற்றியது. 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக அமைந்தமையின், விசிறிக்கு மின்சார மோட்டார் வாய்த்தது. இவ்விரு வண்டிகளின் உற்பத்தியும் 2014-இல் நின்றது; மின்விசிறியோ இன்றைய கார்களில் எங்கும் பரவியுள்ளது.

வண்டி விரைந்தோடுங்கால் எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். திருப்பூர் ராயபுரத்தில், துணிமூட்டை ஏற்றிய வண்டிகளின் பின்னே சித்திரை வெயிலில் நிற்கும்போதோ, விசிறியன்றி வேறு கதியில்லை. ஆகவே ஏ.ஸி.யை இயக்கினால், நீர் மிகச் சூடாகாதிருப்பினும் விசிறி சுழலும். நீரின் சூடோ, கண்டென்ஸரின் அழுத்தமோ மிகுமாயின் அதன் வேகமும் மிகும். இருவர் கட்டளையுள் எது பெரிதோ அதற்கே அது பணிகின்றது. அழுத்தம் எல்லை கடப்பின் கம்ப்ரஸர் தானே நின்றுவிடும்.

இவ்வுண்மையை அறிவதால் பயன் யாது? ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெதும்பும் ஏ.ஸி.யைக் கண்டு, கேஸ் குறைந்ததென்று கருதிப் பணம் செலவிடுவார் உளர். குற்றம் விசிறியிலிருப்பின், மேலும் கேஸ் ஏற்றுவது அழுத்தத்தையே கூட்டும். எஞ்சினும் கொதித்துப் பழுதாகும். முதற்கண் ஏ.ஸி.யை இயக்கிச் சில நிமிஷம் விசிறி சுழல்கின்றதா என நோக்குக. சுழலாதாயின் ப்யூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்கச் செய்க. சுழன்றும் குளிராதாயின், கண்டென்ஸரின் இடுக்குகளில் பஞ்சுத்தூசியும் புழுதியும் அடைத்துள்ளனவா என்று பார்க்க; பனியன் தொழில் நடக்கும் ஊரில் இது மறக்கத்தகாதது.

சூடு காட்டும் முள் சிவப்பை அணுகின், ஏ.ஸி.யை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினையும் அணைத்திடுக. சூடாறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது; கொதிநீர் சீறி முகத்தை வேகச் செய்யும். எஞ்சின் நின்ற பின்னும் விசிறி திடீரெனச் சுழலக்கூடுமாதலின், அதனருகே கைவைத்தலும் ஆகாது.

மாணவ நண்பர்களே! நாம் உள்ளே அமர்ந்து நுகரும் குளிர்ச்சி, வெளியே ஒன்று வெயிலில் நின்று உழைப்பதன் பயனே. அத்தகைய மறைந்த ஊழியத்தை அறிந்து பேணுதல் நம் கடனாகும்.